படஅட்டையில் இருந்த என் குளிசை

கவிஷாவின் உதட்டைத் தைத்து மூன்று மாதம் ஆகிறது. அண்ணத்தில் இருக்கும் பிளவை இன்னும் தைக்கவில்லை. அதற்கு அவளுக்கு ஒரு வயது நெருங்க வேண்டுமாம். இந்த இடைவெளியில் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. பஸ்ஸிலும் கடையிலும் கோயிலிலும் பிள்ளையின் தழும்பைப் பார்த்து "என்னா ஆச்சு, எப்புடி ஆச்சு?" என்று கேட்கிறவர்களுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. முழுவதையும் ஒரே தடவையில் சொல்லிவிட்டால் நிம்மதி.

என் பெயர் கலைவாணி. பிறந்தது கொட்டகலைப் பக்கம். கட்டிக்கொடுத்தது மஸ்கெலியாவிலிருந்து இன்னும் மேலே ஏற வேண்டிய ஒரு தோட்டத்துக்கு. கல்யாணத்துக்கு முன்னால் ஹட்டனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்தேன். கணவர் மோகன் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய அம்மா, என் மாமி, இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார். நாங்கள் மூன்று பேரும் கவிஷாவும் ஒரே லயத்தில், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், இருக்கிறோம்.

கவிஷா பிறந்தபோது பிள்ளையை எனக்குக் காட்டவில்லை. அதுதான் முதல் எரிச்சல். பிள்ளை அழுதது எனக்குக் கேட்டது. தாதி மிஸ் ஒருத்தி பிள்ளையைத் துணியில் சுற்றி, முகம் தெரியாதபடி மறுபக்கம் திருப்பிக்கொண்டு போனாள். "பபா ஹொந்தய்" என்று சொன்னாள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்கு மறைத்துக்கொண்டு போக வேண்டும்? ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் காட்டினார்கள். மேலுதடு மூக்குவரை பிளந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. கண் மட்டும் மோகனின் கண்.

டாக்டர் வந்து விளக்கினார். தாயின் வயிற்றுக்குள் பிள்ளையின் முகம் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் சேருமாம். உதடு முதலில், எட்டு ஒன்பது வாரத்திலேயே மூடும், அதற்குப் பிறகு வாயின் மேற்கூரையான அண்ணம் மூடும். பன்னிரண்டு வாரத்துக்குள் இதெல்லாம் முடிந்துவிடும். கவிஷாவுக்கு இரண்டுமே ஒரு பக்கத்தில் சேரவில்லை. தைத்துச் சரிசெய்யலாம், பயப்பட வேண்டாம் என்றார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் முதல்முதலாகக் கர்ப்பிணிக் கிளினிக்குக்குப் போனதே பத்தாவது வாரத்தில். மாத்திரை கொடுத்து, எடை பார்த்து, கவனமாக இரு என்று அவர்கள் சொன்ன நாளில் கவிஷாவின் உதடு திறந்தபடியே நின்றுவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் காரணம் சொல்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள். கிரகண நேரத்தில் கத்தியைத் தொட்டிருப்பேன் என்று ஒருத்தி சொன்னாள். அந்த மாதங்களில் எந்தக் கிரகணத்தையும் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை என்றேன். பார்க்காததுதான் குற்றம் என்றாள். ஹட்டனில் வேலை செய்த காலத்தில் போட்டோக்கொப்பி மெஷினின் வெளிச்சம் பட்டிருக்கும் என்று இன்னொருத்தி. அந்த வேலையை விட்டு ஒரு வருடத்துக்குப் பிறகுதானே பிள்ளை தங்கியது என்றேன்.

மாமிக்கு ஒரே காரணம்தான். மருந்து. எங்கள் லயத்துக்குப் பின்னால் பத்தடி தள்ளித் தேயிலை தொடங்குகிறது. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்த சமயத்தில் ஒரு காலையில் தேயிலைக்கு நடுவில் முளைக்கும் புல்லைக் கொல்ல மருந்து அடித்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. வீடு முழுக்க அந்த வாடை. அன்றைக்கு நான் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். இது உண்மை. மாமி இதைப் பிடித்துக்கொண்டார். பெரட்டுக் களத்தில், காலையில் எல்லாருக்கும் வேலை பிரிக்கும் நேரத்தில், தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையாவை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

"எம் பேத்தி வாயப் பாத்துட்டு வந்து பேசுங்க. அப்புறம் சொல்லுங்க அது வெறும் புல்லு மருந்துன்னு."

தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்தார். மனு எழுதலாம் என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முன்னறைக்கு வரவில்லை. ஏனென்றால் மாமிக்கும் மோகனுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு. பள்ளிக்கூடத்தில் முதல் தடவை விழுந்தேன். அதிலிருந்து காலையும் மாலையும் மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை. குளிசை ஒழுங்காகப் போட்டால் வலிப்பு வராது. கல்யாணம் பேசியபோது மூன்று வருடமாக ஒன்றும் வந்திருக்கவில்லை. "வராத நோவ எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்றார் அம்மா. "சொன்னா எவன் கட்டுவான்?" அதனால் சொல்லவில்லை. குளிசையை ஒரு விட்டமின் போத்தலில் போட்டு வைத்துக்கொண்டேன். மாதாமாதம் என் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அம்மாவே வரிசையில் நின்று மருந்து வாங்கிக்கொண்டு வருவார். கொப்பியைப் பார்ப்பார்கள், அதே மருந்தை எழுதுவார்கள், கொடுப்பார்கள். நோயாளி எங்கே, அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளை தங்கியிருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கர்ப்பிணிக் கிளினிக்கில் மருத்துவமாது கேட்டாள், அதை மறைக்கக் கூடாது. "வேற நோய் ஏதும் இருக்கா? மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?" மாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இல்லை என்றேன்.

குளிசைக்கும் பிள்ளையின் வாய்க்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. மனதில் ஓர் ஓரத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று யாரிடமும் கேட்கவில்லை.

முதல் நான்கு மாதம் பால் கொடுப்பதிலேயே போனது. பிளவு இருக்கும் பிள்ளையால் உறிஞ்ச முடியாது. பாலைப் பீய்ச்சி எடுத்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, சிறிய கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பாதி மூக்கு வழியாக வரும். ஒரு தடவை பால் கொடுத்து முடிக்க முக்கால் மணித்தியாலம். நான் அழுதுவிடுவேன். மாமி அழ மாட்டார். மலையிலிருந்து வந்து கால் கழுவியதும் கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். "எறங்கும். அவசரப்படாத. தொண்டையப் பாரு, எறங்குது பாரு." பிள்ளையின் எடை கூடியதில் பாதிக்கு மேல் மாமியின் பொறுமை.

ஐந்து கிலோ வந்தால்தான் சத்திரசிகிச்சை என்றார்கள். வந்தது. திகதி கொடுத்தார்கள். இருட்டோடு புறப்பட்டு ஹட்டன் போய், அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால், பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது, சளி இருக்கும்போது மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை சளி இல்லை, டாக்டர் லீவு. மூன்றாவது தடவை டாக்டர் இருந்தார், கட்டில் இல்லை. ஆட்டோக்காரருக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து போவதே பிடிக்காது. மூன்றாவது தடவை திரும்பி வரும்போது மோகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலாவது தரம் திருப்பி அனுப்புனா நான் வாட்டுக்குள்ளயே பாய விரிச்சிருவேன்."

நான்காவது தடவை கட்டில் கிடைத்தது.

அந்த வாட்டில்தான் ரிஃப்னா மிஸ்ஸைப் பார்த்தேன். டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை ஓர் ஆராய்ச்சியில் உதவியாளராக இருந்தாள். அக்குறணைப் பக்கத்துப் பிள்ளை. தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவாள். கர்ப்ப காலத்தில் தாய்க்கு என்னென்ன பட்டது, அதனால் பிள்ளைக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்புக் கூடுகிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி என்றாள். விருப்பம் இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டாம், அதனால் பிள்ளையின் வைத்தியத்தில் ஒன்றும் குறையாது என்றும் சொன்னாள். நான் யோசிப்பதற்குள் மாமி சரி என்றுவிட்டார்.

"கேளு மகள். மருந்தடிச்சதப் பத்திக் கேளு. எல்லாம் சொல்றோம்."

கட்டிலில் ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் மாமி, என் மடியில் கவிஷா. ரிஃப்னா மிஸ் ஒரு தடித்த படிவத்தைத் திறந்து வாசித்தாள். "கருவுற்றிருந்த முதல் மூன்று மாதங்களில் தங்களுக்கு ஏற்பட்ட சூழல்சார் இரசாயன வெளிப்பாடுகள்."

"வெளிப்பாடுன்னா என்னா?" என்றார் மாமி.

"மேல படுறதும்மா. மருந்து படுறது, புகை படுறது, சுவாசத்தில உள்ளுக்குப் போறது."

"அப்ப பட்டதுன்னு எழுத வேண்டியதுதானே. நாங்க பட்டதெல்லாம் சொன்னா உன் கொப்பி பத்தாது."

ரிஃப்னா மிஸ் சிரித்துவிட்டுப் படிவத்தின் ஓரத்தில் 'பட்டது' என்று பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

இரண்டு மணித்தியாலம் கேட்டாள். எந்த அடுப்பு, என்ன விறகு, தண்ணீர் எங்கிருந்து, வீட்டுக்கும் தேயிலைக்கும் எத்தனை மீற்றர், காய்ச்சல் வந்ததா, வெற்றிலை போடுவேனா, வீட்டில் யார் சிகரட் குடிக்கிறார்கள். திகதி மறந்துபோனால் ஞாபகப்படுத்த ஒரு நாட்காட்டி வைத்திருந்தாள். பொங்கல், சிவராத்திரி, தோட்டத்துத் திருவிழா எல்லாம் அதில் குறித்திருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். மாமியும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. "தொடர்ந்து எடுத்த மருந்து ஏதும் இருக்கா?"

"இல்ல மிஸ்."

"சில ஆட்களுக்குப் பேர் தெரியாது. படத்தைப் பாத்தா ஞாபகம் வரும்." என்று சொல்லி ஒரு படஅட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். பளபளப்பான அட்டையில் குளிசைகளின் படங்கள் வரிசையாக இருந்தன. இரண்டாவது வரிசையில், இடது பக்கத்திலிருந்து மூன்றாவதாக, என் குளிசை. அதே இளஞ்சிவப்பு. நான் அதைப் பார்க்காமல் அதற்கு அடுத்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அவளுக்கு விட்டமின் போத்தல் மட்டுந்தான்" என்றார் மாமி, எனக்குச் சாட்சியாக.

அன்று பின்னேரம் ரிஃப்னா மிஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கே கினிகத்தேனையிலிருந்து வந்த நிலந்தி என்கிற சிங்களத் தாய். அவளுடைய பிள்ளை காலில் சுடுதண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தது. பிறப்பில் எந்தக் குறையும் இல்லை. அவளிடமும் அதே படிவம், அதே கேள்விகள். மாமிக்குப் பொறுக்கவில்லை.

"அவ புள்ளைக்குத்தான் ஒண்ணும் இல்லையே. அவகிட்ட என்னாத்துக்குக் கேக்குற?"

"ரெண்டு பக்கமும் கேட்டாத்தானே அம்மா தெரியும். மருந்து பட்டும் சுகமாப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, படாமலே குறையோட பிறந்த பிள்ளைகள் எத்தனை. உங்க பக்கத்த மட்டும் எண்ணினா நாங்க எண்ணுறது கணக்கே இல்ல."

நிலந்தி ஒவ்வொரு கேள்விக்கும் "மத்தக நே" என்றாள். ஞாபகமில்லை. அவள் பொய் சொல்லவில்லை. சுகமாகப் பிள்ளை பெற்றவளுக்கு அந்த மாதங்களை ஞாபகம் வைத்திருக்க என்ன அவசியம்? எனக்கோ ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருந்தது. எந்தக் கிழமை மாசிச் சம்பல் சாப்பிட்டேன் என்பதுகூட. பிள்ளை பிறந்ததிலிருந்து அந்த மூன்று மாதங்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். அத்தனையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விழுங்கியிருந்தேன். ஒருத்திக்கு ஞாபகமில்லை, இன்னொருத்திக்கு வாய் திறக்கவில்லை. இதை வைத்து அந்தப் பிள்ளை என்ன கண்டுபிடிக்கப் போகிறது என்று எரிச்சல் வந்தது. எரிச்சல் அவள்மேல் இல்லை.

மறுநாள் சத்திரசிகிச்சை. காலை முதல் பால் கொடுக்கக் கூடாது. பசியில் கத்துகிற பிள்ளையை எட்டு மணியிலிருந்து பதினொன்றரைவரை நடையாக நடந்து தூக்கிக்கொண்டிருந்தோம். உள்ளே கொண்டுபோனதும் என் கைகள் வெறுமையாகி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மாமி வெளி நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோகன் தேத்தண்ணி வாங்கப் போனார். நான் போனை எடுத்து என் குளிசையின் பெயரைத் தேடினேன்.

சோடியம் வல்ப்ரோயேட். வலிப்பை அடக்குவதில் வலுவான மருந்து. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் எடுத்தால் பிள்ளைக்கு முதுகுத்தண்டு, இருதயம், அண்ணம் ஆகிய இடங்களில் குறை வரும் வாய்ப்புக் கூடும் என்று இருந்தது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு முடிந்தவரை வேறு மருந்து தர வேண்டும் என்றும் இருந்தது. வாசித்தேன். திரும்ப வாசித்தேன். மோகன் தேத்தண்ணியோடு வந்து நின்றபோது போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கவிஷா வெளியே வந்தாள். உதடு மூடியிருந்தது. கறுப்பு நூல், வீக்கம், ஓரத்தில் காய்ந்த இரத்தம், ஆனாலும் மூடியிருந்தது. தையலைப் பிய்க்காமல் இருக்க இரண்டு கைகளிலும் முழங்கை மடங்காதபடி அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். மாமி அந்தக் கட்டிய கைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் அன்று மாலைக் குளிசையைப் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. அதற்கு அடுத்த நாளும். பிள்ளைக்கு நடந்தது நடந்துவிட்டது, இனி நிறுத்துவதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குளிசையைக் கையில் எடுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை பால் கோப்பையைப் பிடித்திருந்த என் வலக்கை தானாக உதறியது. கோப்பை விழுந்து பால் சிந்தியது. ஒரு நொடிதான். இடது கையில் கவிஷா இருந்தாள். கை மாறியிருந்தால் விழுந்திருப்பது கோப்பை இல்லை. இந்த உதறல் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விழுவதற்கு முன்னால் வந்த அதே உதறல். பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு ரிஃப்னா மிஸ்ஸைத் தேடிப் போனேன். மருந்துக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் மேசையில் உட்கார்ந்து படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அந்த அட்டையில எங் குளுசை இருந்திச்சி. ரெண்டாவது வரிசையில. நான் பொய் சொன்னேன்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "எப்ப கடைசியா போட்டீங்க?" என்று கேட்டாள். நிறுத்திவிட்டேன் என்றதும் எழுந்துவிட்டாள். "அக்கா, அப்படித் திடீர்னு நிப்பாட்டக் கூடாது. வலிப்பு முன்னைவிட மோசமா வரும். வாங்க." என்று என் மணிக்கட்டைப் பிடித்து வாட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயே உட்காரவைத்துக் குளிசையைப் போடவைத்தார்கள். பால் கொடுப்பதற்கு இது தடை இல்லை என்றார் டாக்டர். நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் எழுதினார். இந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மருந்தை ஏற்றுவார்கள், அதுவரை அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்க வேண்டாம், பிறகும் போலிக் அமிலக் குளிசையை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்று சொன்னார். எல்லாம் ஐந்து நிமிடத்தில். ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய இதைக் கேட்க எனக்குப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

வெளியே வந்து கேட்டேன். "அப்ப எம் புள்ளைக்கு இப்புடி ஆனது என்னாலதானா?"

ரிஃப்னா மிஸ் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். "இந்தக் குளிசையால வாய்ப்புக் கூடும். அது தெரிஞ்ச விஷயம். ஆனா இதை எடுத்த கன பேருக்குப் பிள்ளை சுகமாத்தான் பிறந்திருக்கு. கவிஷாவுக்கு இதாலதான் வந்ததுன்னு என்னாலயும் சொல்ல ஏலாது, பெரிய டாக்டராலயும் சொல்ல ஏலாது."

"புல்லு மருந்து?"

"அது தெரியாது. தெரியாததாலதான் கேட்டுக்கிட்டுத் திரியறோம்."

ஆறுதல் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தெரியாது என்று அவள் சொன்னதை நம்பினேன். பிறகு அவளிடம் சொன்னேன், கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்: "எல்லாரும் கேட்டீங்க மிஸ். மருத்துவமாதும் கேட்டாங்க, நீங்களும் கேட்டீங்க. என்னையத் தனியா யாரும் கேக்கல. மாமியாரப் பக்கத்துல வச்சிக்கிட்டுக் கேட்டா எவ சொல்லுவா?" அவள் முகம் மாறியது. அதைக் குறித்துக்கொண்டாள். இப்போது அந்தப் பகுதியைத் தாயிடம் மட்டும் தனியாகக் கேட்கிறார்கள் என்று பின்னால் போனில் சொன்னாள்.

மோகனிடம் அன்று மதியமே சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில், பழக் கடைக்குப் பக்கத்தில், ஆட்கள் இடித்துக்கொண்டு போகிற இடத்தில். வேறு இடம் கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கோபம் வந்தால் அவருக்குக் காது சிவக்கும். சிவந்தது.

"எங்கிட்டகூடச் சொல்லல" என்றார். "எத்தன தரம் ஆட்டோவுல ஓரமா உக்காந்துக்கிட்டு வந்திருக்க. அந்த வளைவுல விழுந்திருந்தா?"

அவர் கொஞ்ச தூரம் நடந்துபோனார், திரும்பி வந்தார். "இன்னைக்கி குளுசை போட்டியா?"

"போட்டேன்."

"சரி" என்றார். பின்னேரம் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார்.

மாமியிடம் சொல்லத்தான் துணிவு வரவில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பியதும் வீட்டுக்கு வந்து ஒரு கிழமை ஆகியும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவர் மனுவோடு வந்தார். கவிஷாவின் பெயர் அதில் இருந்தது. கையெழுத்துப் போட மாமி பேனையைக் கையில் எடுத்தபோது, "கொஞ்சம் இருங்க மாமி" என்று சொல்லி, தலைவரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினேன். மோகன் பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்பு, கல்யாணப் பேச்சு, விட்டமின் போத்தல், படஅட்டை.

மாமி வெகு நேரம் கவிஷாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தினார். அவர் என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு வருசமா ஒரே வீட்டுல இருக்கம். அடுப்புகிட்ட விழுந்திருந்தா? புள்ளையோட விழுந்திருந்தா? என்னா ஏதுன்னு தெரியாம நான் வாயில தண்ணி ஊத்தியிருப்பேன். ஒன்னையக் கொன்னுருப்பேன் நானு. ஒரு சொல்லு சொல்ல வாய் வரல ஒனக்கு?"

"பயந்துட்டேன் மாமி."

"என்னையக் கண்டா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அது அவரைச் சுட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"மனுவ என்ன செய்யிறது?" என்று மோகன் கேட்டார்.

"புல்லு மருந்தால இல்லன்னு அந்த ஆஸ்பத்திரிப் புள்ள சொல்லிச்சா?"

"தெரியாதுன்னாங்க" என்றேன்.

"தெரியாத சாமான எதுக்கு என் வீட்டு ஜன்னல்கிட்ட அடிக்கணும்? நம்ம புள்ள பேர மட்டும் வெட்டிட்டுக் குடுங்க. மத்தபடி மனு போகட்டும்." அப்படியே போனது. இப்போது லயத்துக்குக் கிட்ட மருந்து அடிப்பதற்கு முதல் நாள் ஆள் அனுப்பிச் சொல்கிறார்கள். ஜன்னலைச் சாத்துகிறோம். அவ்வளவுதான் கிடைத்தது.

ரிஃப்னா மிஸ் அடுத்த புதன்கிழமை பின்னேரம் போன் எடுத்தாள். என் படிவத்தைத் திருத்த வேண்டும், ஒரு மருந்தை மாற்றினால் பல பதில்கள் மாறும், திரும்பக் கேட்க வேண்டும் என்றாள். எனக்குத் தலை வலித்தது. இருந்தாலும் சொன்னேன். எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மாதத்தில் எத்தனை நாள் தவறியது. மாமி மலையிலிருந்து வந்து, வாசலில் கால் கழுவிவிட்டு, நான் பேசி முடிக்கும்வரை கதவருகே நின்றார். பிறகு கையை நீட்டினார்.

"போனக் குடு."

கொடுத்தேன். போனைப் பிடிக்கத் தெரியாதவர்போல வாய்க்கு நேராக வைத்துக்கொண்டார்.

"மகள், நானும் ஒங்கிட்டப் பொய் சொன்னேன். குடும்பத்துல வேற யாருக்கும் இருந்திச்சான்னு கேட்டியே. இருந்திச்சி. எனக்கு மொதல் புள்ள. இதே மாதிரி வாயி. அப்ப எங்களுக்குக் கரண்டியால குடுக்கத் தெரியாது. ஒறிஞ்சுறதுக்குப் பாத்துப் பாத்து ஓஞ்சி போயிருச்சி. ஒம்போது நாள் இருந்திச்சி."

நான் போனின் ஸ்பீக்கரைப் போட்டேன். பிறகு ரிஃப்னா மிஸ்ஸின் குரல் மெதுவாக வந்தது. இது முக்கியம் அம்மா, ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருந்தால் நாங்கள் வேறு விதமாகப் பார்க்க வேண்டும், எந்த வருடம், எந்த மாதம், அந்த நேரம் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள்.

மாமி வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு கேள்விக்கும் ஞாபகமில்லை என்று சொல்லவில்லை. எந்த மலையில் கொழுந்து எடுத்தார், அன்று என்ன மருந்து அடித்தார்கள், எத்தனை மாதம்வரை கூடை சுமந்தார், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மோகன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து, எதுவும் புரியாமல், படிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆம்புளப் புள்ள" என்றார் மாமி போனில். "பேரு வச்சிருந்தோம். முருகேசு."

முப்பத்திரண்டு வயதில், தனக்கு ஓர் அண்ணன் இருந்ததை மோகன் அன்றுதான் கேட்டார்.